கதிரவனுக்கு ஒரு குதிர்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி

நெல் விளைவது ஆண்டில் சில வாரங்கள். சோறு உண்பதோ ஆண்டு முழுவதும். இந்த இரண்டையும் இணைத்து வைப்பது எது? எங்கள் அப்பாயியைக் கேட்டால் “குதிர்” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுவார். பழைய வீட்டின் மூலையில், மண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சந்துகளைக் களிமண்ணால் பூசி, ஆள் உயரத்துக்கு நின்றிருந்ததாம் அந்தக் குதிர். மேலே கொட்டுவார்கள், அடியில் உள்ள துளையின் துணியடைப்பை எடுத்தால் நெல் சலசலவென்று கொட்டும். வயலில் ஒரு மணியும் இல்லாத மாதத்திலும் வீட்டில் உலை கொதிக்கும்.

அன்புத் தோழியரே! அந்தக் குதிரைப் போலவே கதிரவனின் ஒளிக்கும் ஒரு குதிர் உண்டு. அதன் பெயர் மின்கலம், வழக்கில் பாட்டரி. எங்கள் வீட்டிற்கு அது வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதப் புகுந்தோம். ‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் நாங்கள் அக்காள் தங்கை இருவர். ஒருத்தி கண்டதை மற்றவளும் கண்டாள். ஒருத்தி போட்ட கணக்கை மற்றவள் அழித்துத் திருத்தினாள். ஆகவே இது ஒருத்தியின் கட்டுரை அன்று.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிற்றுக்குப் பக்கம். ஊர்ப் பெயரிலேயே ஞாயிறு இருக்கிறது. வெயிலுக்கு எங்களிடம் என்றும் பஞ்சம் இல்லை. ஆனால் காற்று எங்களுக்கு நண்பனல்ல. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நாங்கள் மூன்றாம் வகுப்பும் முதல் வகுப்பும். அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, மேலே தலையணைகளை அடுக்கினார். விடிந்து வெளியே வந்தபோது எங்கள் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் இருந்தது. தெருவின் மின்கம்பங்கள் யாரோ தீக்குச்சிகளை ஒடித்துப் போட்டாற்போல் கிடந்தன.

அதன்பின் இருபத்தெட்டு நாள் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. இருட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து மாலைச் செபம் சொன்னோம். கைபேசிக்கு உயிரூட்ட, கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் பணம் கொடுத்து வரிசையில் நின்றோம். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று இருந்தது. அது எங்கள் அப்பாயியின் இன்சுலின்.

அப்பாயிக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். பிரிக்காத இன்சுலின் புட்டியை 2 முதல் 8 டிகிரி வரையான குளிரில் வைக்க வேண்டும். உறைந்தும் போகக் கூடாது, சூடும் ஏறக் கூடாது. மாதத்துக்கு வேண்டியதை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம். மின்சாரம் நின்ற மறுநாளே ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது. அம்மா ஒரு மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி, அதன் நடுவே சிறு பானையை வைத்து, புட்டிகளை அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடினார். நல்ல முறைதான், ஊரெல்லாம் செய்வதுதான். ஆனாலும் கூரைத் தகரம் கிழித்த அப்பாயியின் கால் புண் ஆறவில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, சூட்டில் இருந்த மருந்து வீரியம் இழந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அப்பாயியின் இடக்காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்றும் அப்பாயி நடந்து வரும்போது அந்தக் காலடி ஓசை தனியாகக் கேட்கும். கஜாவைப் பற்றி நாங்கள் மறக்க நினைத்தாலும் அந்த ஓசை விடாது.

இனி 2024-க்கு வருவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு, வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் அமைக்க மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2 கிலோவாட் அமைப்புக்கு 60,000 ரூபாய். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். அப்பா மளிகைக் கடை நடத்துகிறார். கடையிலும் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் ஓடுவதால் மின்கட்டணம் அவரை வாட்டியது. மாடியில் 540 வாட் தகடுகள் நான்கு ஏறின. இருவழி மீட்டர் பொருத்தினார்கள். பகலில் நாங்கள் செலவழித்தது போக மிஞ்சிய மின்சாரம் கம்பி வழியே வெளியே போகும். இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். இரண்டையும் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் பகுதியில் 1 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆகவே எங்களுக்கு நாள் ஒன்றுக்கு 8 யூனிட்! நாங்கள் தெருவெல்லாம் பெருமை பேசினோம். “இனி எங்கள் வீட்டில் கரண்ட் நிற்காது” என்று வகுப்பில் சொல்லித் தோழியரிடம் பந்தயமும் கட்டினோம்.

பந்தயம் தோற்றது அதே நவம்பரில். ஃபெஞ்சல் புயல் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் பக்கம் பேய்மழை. எங்கோ ஒரு மரம் கம்பியில் சாய்ந்தது, மின்சாரம் நின்றது. மழைதானே என்று காத்திருந்தோம். ஒருநாள் காலை மேகம் விலகிக் கதிரவன் கண் கூசும்படி எழுந்தான். மாடிக்கு ஓடினோம். நான்கு தகடுகளும் கழுவித் துடைத்த கண்ணாடியைப் போல் மின்னின. கீழே வந்து மின்விசிறியைப் போட்டோம். அது அசையவில்லை. விளக்கைப் போட்டோம். எரியவில்லை. இன்வெர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எங்களைப் பார்த்துச் சிமிட்டியது.

“வெயிலுதான் இப்படிக் காயுதே, அப்புறம் ஏன் கரண்ட் வரல?” என்றார் அப்பாயி. அவர் கையில் இன்சுலின் புட்டி. பழைய மண்சட்டியை அம்மா மறுபடியும் தேடிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அறுபதாயிரம் மானியம் போக மீதிப் பணத்தை அப்பா கடன் வாங்கிக் கட்டியிருந்தார். தலைக்குமேல் 2 கிலோவாட் இருக்க, கீழே ஒரு விளக்குக்கு வழியில்லை. விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா கோபத்தோடு சொன்னார்.

அன்று மாலை எங்கள் மாமா வந்தார். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். மூன்று நாள் தூக்கம் இல்லாத கண்கள்; சேறு அப்பிய கால்கள். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அப்பாவின் கோபத்தைக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மச்சான், உங்க பெட்டி கெட்டுப் போகல. சரியாத்தான் வேல செய்யுது. அது நிக்கலேன்னா இன்னைக்கு நான் இங்க உக்காந்து டீ குடிச்சிருக்க மாட்டேன்.”

எங்களுக்குப் புரியவில்லை. மாமா தரையில் விரலால் கோடு போட்டு விளக்கினார். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை அன்று. வீட்டிலிருந்து 230 வோல்ட்டை எதிர்ப்பக்கமாக அனுப்பினால், அதே டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவரின் கதி என்ன? அதனால்தான், வெளியே மின்சாரம் நின்றால் இரண்டு விநாடிக்குள் தானும் நின்றுவிடும்படி இந்த வகை இன்வெர்ட்டரை அமைத்திருக்கிறார்கள். தெருவின் மின்சாரம் இதற்குத் தாளம் போடுவது போல. தாளம் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மாமாவுக்கு இன்னொரு தேநீர் வாங்கி வந்தார். நாங்கள் மாமாவின் கைகளைப் பார்த்தோம். கஜாவின்போது வேறு மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களுக்கும் இப்படிப்பட்ட கைகள்தானே இருந்திருக்கும்! எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்காக அந்தக் கைகளைப் பணயம் வைக்க முடியுமா?

“அப்ப என்ன மாமா செய்யறது?” என்று கேட்டோம். “வெளியே போகாம வீட்டுக்குள்ளேயே தனியா நிக்கற மாதிரி ஒண்ணு வேணும். அதுக்குப் பாட்டரி வேணும் பாப்பா” என்றார் மாமா. வயல் மட்டும் இருந்தால் போதுமா, குதிர் வேண்டாமா என்று அப்பாயி கேட்டது அப்போதுதான்.

எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, கரும்பலகையில் நான்கு ஆண்டுகளை எழுதினார்: 1800, 1839, 1859, 1954. இவற்றைத் தெரிந்துகொண்டு வந்தால் பாட்டரியைப் பற்றிப் பேசலாம் என்றார். நூலகத்தில் தேடினோம். 1800-இல் இத்தாலியரான வோல்ட்டா, துத்தநாகத் தட்டையும் வெள்ளி அல்லது செம்புத் தட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து, இடைவிடாத மின்னோட்டத்தை முதன்முதலாகப் பெற்றார். 1839-இல் எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் ஒளி பட்டால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. 1859-இல் காஸ்டன் பிளாண்டே என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், தீர்ந்தபின் மீண்டும் நிரப்பக்கூடிய ஈய அமில மின்கலத்தைச் செய்தார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம், பயன்படுத்தத்தக்க சிலிக்கான் சூரிய மின்கலத்தைக் காட்டியது. விழுந்த ஒளியில் நூற்றில் ஆறு பங்கையே அது மின்சாரமாக்கியது.

பாருங்கள்! பாட்டரி முந்தியது, சூரியத் தகடு பிந்தியது. வயலுக்கு முன்னமே குதிர் கட்டியவன் மனிதன்!

இன்னொரு செய்தி எங்களுக்குப் பெருமை தந்தது. லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்எனஃப் அவர்களுக்கு அப்போது 97 வயது. அவருக்காக நோபல் உரையை ஆற்றியவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, குட்எனஃப் அவர்களுடன் ஆய்வு செய்தவர். 1990-களில் குட்எனஃப் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் உருவானதே லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற பொருள். இன்று வீடுகளில் சூரிய ஒளியைச் சேமிக்கப் பெரிதும் பயன்படுவது அந்த வகைதான்.

மின்கலத்துக்குள் மின்சாரம் அப்படியே தேங்கி நிற்பதில்லை. நெல்லைக் குதிரில் கொட்டுவது போல அங்கே மின்சாரத்தைக் கொட்ட முடியாது. நிரப்பும்போது மின்சாரத்தின் உந்துதலால் லித்தியம் அயனிகள் ஒரு முனையை விட்டு நடந்து மறுமுனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. நாம் விளக்கைப் போட்டால் அவை தம் பழைய வீட்டுக்குத் திரும்புகின்றன. எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிவந்து விளக்கை எரிக்கின்றன. ஆகவே சேமிக்கப்படுவது வேதியியல் ஆற்றல்.

அடுத்தது கணக்கு. அருட்சகோதரி சொன்ன அறிவுரை இதுதான்: “பாட்டரி எவ்வளவு பெரியது வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். இருட்டில் எது இல்லாவிட்டால் வாழ முடியாது என்று உங்கள் வீட்டைக் கேளுங்கள்.” அன்றிரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். தொலைக்காட்சியை அப்பா அடித்தார். மிக்சியை அம்மா அடித்தார். கடைசியில் மிஞ்சியவை இவை:

9 வாட் விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம்: 135 வாட்மணி.
30 வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம்: 480 வாட்மணி.
சிறிய ஃப்ரிட்ஜ், நாள் முழுவதும்: ஏறத்தாழ 800 வாட்மணி.
கைபேசிகள்: 60 வாட்மணி.

மொத்தம் 1,475 வாட்மணி. அதாவது நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இதில் ஃப்ரிட்ஜின் பகல் பாதியைக் கழித்தால் இரவுக்கு வேண்டியது 1,075 வாட்மணி. இவ்வளவுதானா! எட்டு யூனிட் என்று பெருமை பேசிய வீட்டுக்கு, உயிர் காக்க வேண்டியது ஒரு யூனிட்டும் கொஞ்சமும்தான்.

ஈய அமில பாட்டரியா, லித்தியமா என்று அடுத்த வாதம். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ஈய பாட்டரியில் 1,800 வாட்மணி அடங்கும். ஆனால் அதைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். ஆகவே கைக்குக் கிடைப்பது 900. வாலைவடிநீர் ஊற்ற வேண்டும். நிரப்பும்போது ஹைட்ரஜன் வாயு வருவதால் காற்றோட்டம் வேண்டும். நாலைந்து ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். விலையோ குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி 25.6 வோல்ட், 100 ஆம்பியர்மணி என்றால் 2,560 வாட்மணி; அதில் நூற்றுக்கு எண்பது பங்கை, அதாவது 2,048-ஐ அச்சமின்றி எடுக்கலாம். நீர் ஊற்ற வேண்டாம். பத்து ஆண்டு உழைக்கும். விலையோ கையைச் சுட்டது. அரசு மானியம் தகட்டுக்குத்தான், பாட்டரிக்கு இல்லை.

அப்பா நோட்டை மூடிவிட்டார். “பாப்போம், அடுத்த வருஷம்” என்றார். அடுத்த வருடம் என்றால் எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா தையல் தைத்து மாதாமாதம் சீட்டுக் கட்டிவந்தார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் இருவருக்கும் தோடு எடுப்பதற்கென்று வைத்திருந்த சீட்டு அது. அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசினோம். பொய் சொல்வானேன்? எங்களுக்குத் தோட்டின்மேல் ஆசைதான். கடைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்து, எந்த வடிவம் என்று முடிவுகூடச் செய்திருந்தோம். ஆனால் பக்கத்து அறையில் அப்பாயி தண்ணீர் குடிக்க எழுந்தார். அந்தக் காலடி ஓசை கேட்டது. காலையில் அம்மாவிடம் சொன்னோம். அம்மா பதில் சொல்லாமல் எங்கள் தலைகளுக்கு எண்ணெய் வைத்தார். வழக்கத்தை விட அதிக நேரம் வைத்தார்.

2025 கோடையில் கடையின் கூரைமேல் இரண்டு தகடுகள் ஏறின. பழைய நான்கும் அப்படியே வெளிக்கம்பியோடு இணைந்து இருந்தன. இவை இரண்டும் தனிக் குடித்தனம். இவற்றின் மின்சாரம் தெருவுக்குப் போக வழியே இல்லாதபடி தனி இன்வெர்ட்டர், தனிக் கம்பி, தனி சுவிட்சுகள். மாமா விடுமுறை போட்டு வந்து, அமைத்தவரோடு கூடவே நின்று ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தார். ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது ஒரு கணம் பலமடங்கு மின்சாரம் இழுக்கும்; அதைத் தாங்கும் இன்வெர்ட்டர்தானா என்று கேட்டு உறுதி செய்தார். வெயிலும் மழையும் படாத உள்சுவரில், கஜா வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேலே, பாட்டரியை மாட்டினார்கள். அப்பாயி வந்து அதைத் தட்டிப் பார்த்தார். “இம்புட்டுத்தானா குதிரு?” என்றார்.

அந்தக் குதிர் சோதிக்கப்பட்டது 2025 ஐப்பசியில். மூன்று நாளாக அடைமழை. ஒருநாள் அந்தி நேரத்தில் படீர் என்று ஓர் ஓசை. தெரு முழுதும் இருண்டது. எங்கள் கூடத்து விளக்கு மட்டும் இமைகூடத் தட்டாமல் எரிந்தது. தங்கை கைதட்டினாள். மறுநாள் காலை பாட்டரியின் திரையில் 53 என்று காட்டியது. நூறிலிருந்து ஓர் இரவில் அவ்வளவு இறங்கியிருந்தது. பகலெல்லாம் மழை, தகடுகள் கொடுத்தது கொஞ்சம், ஃப்ரிட்ஜ் தின்றது கொஞ்சம். அந்தியில் 63. மின்சாரம் வரவில்லை. மாமாவுக்குப் பேசினோம்; நாளை மதியத்துக்குள் வரலாம் என்றார்.

நோட்டை எடுத்தோம். முதல் இரவைப் போலச் செலவழித்தால் விடியும்போது 16 ஆகிவிடும். 20-க்குக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், ஃப்ரிட்ஜும் நின்றுவிடும். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா. இடுப்பில் மூன்று வயது மகன். அவன் மூச்சில் விசில் சத்தம். கையில் நெபுலைசர் கருவி. “ஒரு பத்து நிமிசம் கரண்ட் குடுப்பீங்களா?” என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண் கலங்கியிருந்தது.

அப்பா எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க முடியாது. கணக்கு எங்கள் கையில் இருந்தது. 150 வாட் கருவி, பத்து நிமிடம்: 25 வாட்மணி. ஒரு விளக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் எரிவதற்குச் சமம். பாட்டரியில் நூற்றுக்கு ஒன்று. “குடுக்கலாம்ப்பா. எத்தனை தடவ வேணும்னாலும் குடுக்கலாம். ஒரு ஃபேனை நிறுத்திட்டா போதும்” என்றோம். ஒரு மின்விசிறியை இரவு முழுவதும் நிறுத்தினால் 240 வாட்மணி மிஞ்சும்.

அன்றிரவு எங்கள் வீட்டாரும் பக்கத்து வீட்டாருமாக ஒன்பது பேர் ஒரே கூடத்தில் ஒரே மின்விசிறியின் கீழ் படுத்தோம். பையன் மூச்சு சீராகி, எங்களுக்கு நடுவே வாய் திறந்து தூங்கினான். ஃப்ரிட்ஜ் அவ்வப்போது மெல்ல முனகியது. அந்த முனகல் எங்களுக்குத் தாலாட்டாகக் கேட்டது. அப்பாயி மட்டும் விழித்திருந்தார். “குதிருல கைய வுட்டா அடி எங்கன்னு தெரியணும். அடி தெரிஞ்சாத்தான் அளந்து போட முடியும், அடுத்த வீட்டுக்கும் போட முடியும்” என்றார். விடியும்போது திரையில் 23. கிழக்கே மேகம் கிழிந்து ஒளி வந்தது. எண் 24 ஆயிற்று. நாங்கள் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதைப் படிக்கும் தோழியர், இது ஒரு வீட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஊருக்கே குதிர் கட்டியவர்களும் உண்டு. குஜராத்தில் சூரியன் கோவிலுக்குப் பெயர்பெற்ற மொதேரா என்னும் ஊர், 2022 அக்டோபரில் இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் ஊராக அறிவிக்கப்பட்டது. 6 மெகாவாட் சூரிய நிலையம், வீட்டுக் கூரைகளில் 1,300-க்கும் மேற்பட்ட சிறு அமைப்புகள், இரவுக்காக 15 மெகாவாட்மணி பாட்டரி ஆகியவை அங்கே உள்ளன. பாட்டரி இல்லாத குதிரும் உண்டு. நம் கோவை மாவட்டத்துக் கடம்பாறையில், மின்சாரம் மிகுந்த நேரத்தில் நீரை மலைமேல் ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் நிலையம் 1980-களிலேயே கட்டப்பட்டது.

ஒரு கடமையையும் சொல்லாமல் விடக்கூடாது. பாட்டரி தன் ஆயுள் முடிந்தபின் குப்பை அன்று. ஈயம் நஞ்சு, அது மண்ணில் கலந்தால் குழந்தைகளைத்தான் முதலில் தாக்கும். பழைய பாட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று நம் நாட்டில் 2022-இல் விதி வந்திருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல் முறையாகத் திருப்பித் தருவது நம் பொறுப்பு.

எங்கள் காதுகளில் இன்னும் பழைய தோடுதான். அதைப் பார்த்து யாரேனும் கேட்டால், புதுத் தோடு கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். தகடு வாங்கிய ஆண்டில், எங்களிடம் எவ்வளவு வெயில் இருக்கிறது என்று பெருமை பேசினோம். இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு என்று பார்க்கக் கற்றிருக்கிறோம். கதிரவன் தன் விளைச்சலை நாள்தோறும் நம் கூரைமேல் கொட்டிவிட்டுப் போகிறான். அவன் மறைந்தபின் அந்த விளைச்சலை அளந்து போடும் கை நம்முடையதாக இருக்கட்டும்.